வயதின் மேல் போடும் பழி

"வயசாயிருச்சுல்ல, பல்லு விழுகத்தேன் செய்யும்." மதுரைக்குப் பக்கத்தில் கப்பலூரிலும் திருமங்கலத்திலும் தோப்பூரிலும் இந்தப் பேச்சு காதில் விழாத வீடு கிடையாது. மகன் சொல்கிறார், மருமகள் சொல்கிறார், மருந்துக்கடைக்காரர் வலி மாத்திரையை உறையில் போட்டுக்கொண்டே சொல்கிறார். எல்லாரையும்விட அழுத்தமாகச் சொல்பவர் பல்லை இழந்தவரே. தலை நரைப்பது, தோல் சுருங்குவது, பல் விழுவது என்று மூன்றையும் ஒரே வரிசையில் வைத்துப் பழகிவிட்டோம். முதல் இரண்டும் வயதால் வருபவை. மூன்றாவது நோயால் வருவது. நோயை வயது என்று எண்ணிக் கைவிட்டதால்தான் நம் வீட்டுப் பெரியவர்கள் வலியோடும் பசியோடும் கடைசி இருபது வருடங்களைக் கழிக்கிறார்கள். இந்த எண்ணம் தவறு என்பதோடு, இதனால் உயிரும் போகிறது என்றே சொல்வேன்.

பல்லை விழவைப்பவை பெரும்பாலும் இரண்டு நோய்கள். ஒன்று சொத்தை. வாயிலிருக்கும் கிருமிகள் நாம் தின்னும் சர்க்கரையையும் மாவையும் அமிலமாக்குகின்றன. அமிலம் பல்லைக் கரைக்கிறது. இன்னொன்று ஈறு நோய். பல்லின் அடியில் படியும் அழுக்கு இறுகிக் காரையாகிறது; அதைச் சுற்றி ஈறு வீங்கிக் கசிகிறது; போகப்போகப் பல்லைத் தாங்கி நிற்கும் தாடை எலும்பே தேய்ந்துபோகிறது. பல் துலக்கும்போது ரத்தம் வந்ததை முப்பத்தைந்து வயதில் துப்பிவிட்டுப் போனவருக்கு ஐம்பத்தெட்டில் பல் ஆடத் தொடங்குகிறது. நடுவில் ஓடிய இருபத்து மூன்று வருடமும் அவருக்குப் பெரிதாக வலி இருந்திருக்காது. ஈறு நோய் வலிக்காமலே வேலையை முடிக்கும். ஆடும் நாளில் ஆளுக்கு வயதாகியிருக்கிறது, அதனால் பழி வயதின்மேல் விழுகிறது. வயது செய்ததெல்லாம் நோய்க்கு நேரம் கொடுத்ததுதான்.

வயதுதான் காரணம் என்றால் எல்லா நாட்டிலும் எல்லாக் காலத்திலும் ஒரே கணக்கில் பல் விழ வேண்டும். விழவில்லையே. ஜப்பானில் 1989-ல் ஓர் இயக்கம் தொடங்கினார்கள். எண்பது வயதில் இருபது பல் இருக்க வேண்டும் என்பதே அதன் முழுத் திட்டம், பெயரே "8020". இருபது பல் இருந்தால் ஏறக்குறைய எல்லா உணவையும் மென்று தின்னலாம் என்பது கணக்கு. அந்த நாளில் எண்பதைத் தொட்டவர்களில் இருபது பல் வைத்திருந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. 2016-ல் எடுத்த கணக்கில் 51.2 விழுக்காடு. இங்கிலாந்திலும் பெரிய மாற்றம். 1968-ல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வயது வந்தவர்களில் நூற்றுக்கு 37 பேருக்கு ஒரு பல்கூட இல்லை. 2009-ல் இங்கிலாந்தில் அது 6 ஆனது. இந்த நாற்பது வருடத்தில் அந்நாட்டு மக்கள் முதுமையடையாமல் இருந்துவிடவில்லை. முன்பைவிட அதிக வயதுவரை வாழ்ந்தார்கள். ஃபுளூரைடு கலந்த பற்பசை வந்தது, பல்லைப் பிடுங்கும் பழக்கம் போய் அடைத்துக் காப்பாற்றும் பழக்கம் வந்தது, புகைப்பது குறைந்தது. பல் நின்றது.

இதைச் சொன்னால் உடனே வரும் பதில், "எங்க அப்பத்தா வேப்பங்குச்சியிலதேன் வெளக்குச்சு, தொண்ணூறு வயசுல முறுக்குக் கடிச்சுச்சு" என்பது. அந்த அப்பத்தா இருந்திருப்பார். ஆனால் அவர் காலத்து ஊரில் எத்தனை பேர் தொண்ணூறைப் பார்த்தார்கள்? நாடு விடுதலை பெற்றபோது இந்தியரின் சராசரி ஆயுள் ஏறக்குறைய 32 வருடம். குழந்தைகளாகவே இறந்தவர்கள் அந்தச் சராசரியைக் கீழே இழுத்தார்கள் என்பது உண்மை. ஆனாலும் எழுபதைத் தாண்டியவர்கள் ஊருக்குச் சிலரே. பலர் பல்லோடு செத்தார்கள், ஏனென்றால் பல் விழும் வயதுவரை அவர்கள் இருக்கவில்லை. இருந்தவர்களிலும் பல்லோடு இருந்த ஒருவர்தான் நம் நினைவில் தங்குகிறார். வெற்றிலையை உரலில் இடித்து வாயில் போட்டுக்கொண்ட மற்றவர்களை மறந்துவிடுகிறோம். அந்தச் சின்ன இரும்பு உரல் எத்தனை வீட்டில் இருந்தது என்பதை யோசித்தாலே போதும்.

அப்பத்தா தின்றதும் வேறு. கம்பங்கூழும் கேப்பைக்களியும் தின்று, நாள் முழுக்க இடையில் எதுவும் கொறிக்காமல் இருந்த வாய் அது. இன்று ஒரு பெரியவர் காலையில் சீனி போட்ட காப்பி, பத்து மணிக்குப் பன்னும் டீயும், நாலு மணிக்கு டீயில் நனைத்த பிஸ்கட் என்று வாழ்கிறார். ஒவ்வொரு முறையும் பல்லின் மேல் அமிலம் ஊறுகிறது. வேப்பங்குச்சி முன்பல்லைத் துலக்கும். கடைவாய்ப் பல்லின் உட்பக்கத்தை அதனால் எட்ட முடியாது. செங்கல் பொடியும் கரியும் சாம்பலும் பல்லின் மேல்தோலை அராவி எடுத்துவிடும். கூச்சம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. பழையதைப் பழிக்க எனக்கு ஆசை இல்லை. பழைய சாப்பாட்டை விட்டுவிட்டுப் பழைய குச்சியை மட்டும் பிடித்துக்கொண்டால் பல் நிற்காது என்கிறேன்.

அடுத்தது, மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்பது. நம் பக்கத்தில் இது எவ்வளவு ஆழமாக வேரோடியிருக்கிறது என்பது பல் மருத்துவர் ஒவ்வொருவருக்கும் தெரியும். சீழ் கட்டி முகம் வீங்கிய பிறகும் "கண்ணு போயிரும்" என்று பயந்து எழுந்து போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மேல்பல்லுக்கு உணர்வைக் கொண்டுபோகும் நரம்பு வேறு, பார்வையைக் கொண்டுபோகும் நரம்பு வேறு. முதலாவது மூளையிலிருந்து வரும் ஐந்தாவது நரம்பின் ஒரு கிளை; பார்வைக்குரியது இரண்டாவது நரம்பு. ஒன்றை மரக்கச் செய்து பல்லை எடுப்பதால் மற்றது கெடாது. உண்மையில் பயப்பட வேண்டியது சீழைத்தான். மேல்தாடையில் தேங்கிய சீழ் கண்குழிப் பக்கம் பரவினால் பார்வைக்கு ஆபத்து வரலாம். பல்லை எடுக்காமல் விடுவதால்தான் கண்ணுக்குக் கேடு.

காரை எடுத்தால் பல் ஆடும் என்பதும் இதே இனம். பிளந்த சுவரில் சேற்றை அப்பிவைத்தால் சுவர் நிற்பதுபோலத் தெரியும். சேற்றைக் கழுவினால் பிளவு தெரியும். பிளவைக் கழுவியவர் உண்டாக்கவில்லை. காரையும் அப்படித்தான். எலும்பு ஏற்கெனவே கரைந்துபோன பல்லை ஒட்டிக்கொண்டு அது நிற்கிறது. எடுத்ததும் இடைவெளி தெரிகிறது, கொஞ்ச நாள் கூசுகிறது. எடுக்காமல் விட்டால் மிச்ச எலும்பும் போகும்.

சர்க்கரை இருக்கிறது, ரத்தக் கொதிப்பு இருக்கிறது, இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார், அதனால் பல்லில் கைவைக்கக் கூடாது என்பது கொஞ்சம் படித்த வீடுகளில் கேட்கும் பேச்சு. இதில் எச்சரிக்கை நியாயம், முடிவு தவறு. சர்க்கரையையும் கொதிப்பையும் கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டுச் செய்யலாம். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் ஆஸ்பிரின் போன்ற மாத்திரையைச் சாதாரணமாகப் பல் எடுக்க நிறுத்தத் தேவையில்லை. நாமாகவே நிறுத்துவதுதான் ஆபத்து. எலும்புத் தேய்வுக்கோ புற்றுநோய்க்கோ ஊசி போட்டுக்கொள்பவர் அதைப் பல் மருத்துவரிடம் முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் சில மருந்துகளால் பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். இவையெல்லாம் கவனமாகச் செய்யச் சொல்லும் காரணங்கள். செய்யாமலே இருக்க ஒன்றும் காரணமில்லை.

பயத்துக்கு நியாயமான இடம் ஒன்று உண்டு. 2023-ல் வாணியம்பாடியில் ஒரு தனியார் பல் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்களிடையே மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் என்ற கிருமித் தொற்று பரவியது. பத்துப் பேரில் எட்டுப் பேர் இறந்தார்கள். சுத்தம் செய்யாத கருவியால் திறந்து, மறுபடி மறுபடி பயன்படுத்திய உப்புநீர்ப் பாட்டில்தான் கிருமி பரவிய வழி என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். இதைக் கேட்டுப் பல் சிகிச்சையே வேண்டாம் என்று ஓடுவது ஏழைக்கு மேலும் ஒரு தண்டனை. கருவியை ஆவியில் வேகவைத்தீர்களா, உறையைப் பிரித்து எடுத்தீர்களா என்று கேட்பது நம் உரிமை. சிகிச்சைக் கூடங்களைச் சோதிப்பது அரசின் கடமை.

இனி மதுரைக்கு வருகிறேன். மதுரைக்காரர்கள் இந்தப் பொய்யை ஒருமுறை வென்றவர்கள். அதனால்தான் இந்த ஊரில் இது இன்னும் உயிரோடு இருப்பது எனக்குத் தாங்கவில்லை.

ஐம்பது வருடத்துக்கு முன் கண்ணைப் பற்றி நம் ஊர்களில் பேசியதும் இதுவேதான். வயதானால் கண் மங்கத்தான் செய்யும். கண்ணில் புரை விழுந்த பெரியவரைத் திண்ணையில் உட்காரவைத்துவிட்டு, கம்பைக் கையில் கொடுத்துவிட்டு, விதி என்று இருந்தார்கள். அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன மனிதர் அவர். அந்த விரல்களோடு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண்களுக்கு அறுவை செய்தவர். அவரும் அவர் குடும்பத்தாரும் உடன் வேலை செய்தவர்களும் ஊர் ஊராக முகாம் போட்டார்கள். பஸ் ஏற முடியாதவரை வண்டி அனுப்பி அழைத்துவந்து, அறுவை செய்து, சாப்பாடு போட்டு, திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்தால் ஏழைக்கு எட்டாது என்று 1992-ல் மதுரையிலேயே ஆரோலேப் தொடங்கி, விலையைப் பல மடங்கு கீழே கொண்டுவந்தார்கள்.

இன்று கப்பலூரில் ஒரு பெரியவருக்குப் புரை விழுந்தால் "வயசாயிருச்சு, விடு" என்று எந்த மகனும் சொல்வதில்லை. சொன்னால் ஊர் ஏசும். எண்பது வயதுக்காரரையும் அழைத்துப்போய் ஆபரேஷன் செய்து கூட்டிவருகிறோம். முதுமையைப் பற்றிய ஒரு நம்பிக்கையை ஒரு தலைமுறைக்குள் மதுரை மாற்றிக் காட்டியிருக்கிறது. கண்ணுக்கு நடந்தது வாய்க்கு ஏன் நடக்கவில்லை? கண் போனால் ஆள் தடுமாறுவது நாலு பேருக்குத் தெரிகிறது. பல் போனால் அவர் சாப்பிடுவதுதான் குறைகிறது. அதை வீட்டில் சோறு போடுபவர்கூடக் கவனிப்பதில்லை.

சாப்பாடு என்ற இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். சர்க்கரை நோயாளியான பெரியவரிடம் டாக்டர் என்ன சொல்கிறார்? சோற்றைக் குறை, காய்கறியைக் கூட்டு, சுண்டல் சாப்பிடு, கீரைத்தண்டும் வாழைத்தண்டும் சாப்பிடு, கறியோ முட்டையோ சேர்த்துக்கொள். கடைவாயில் பல் இல்லாத ஆள் இதில் எதை மெல்லுவார்? கொண்டைக்கடலையை ஒதுக்குகிறார், கொய்யாப்பழத்தை ஒதுக்குகிறார், கறியில் குழம்பை மட்டும் ஊற்றிக்கொள்கிறார். மிஞ்சுவது குழைந்த சோறு, இட்லி, ரசத்தில் ஊறவைத்த எதுவோ, டீயில் நனைத்த பிஸ்கட். எல்லாமே மாவு. சர்க்கரை ஏறுகிறது, சதை கரைகிறது, நடை தளர்கிறது. "பெருசு ஒழுங்கா பத்தியம் இருக்க மாட்டேங்குது" என்று வீட்டில் குறைப்படுகிறார்கள். அவர் கீழ்ப்படியவில்லை என்று நினைக்கிறார்கள். அவரால் மெல்ல முடியவில்லை.

சர்க்கரைக்கும் ஈறுக்கும் உள்ள உறவு இருவழிப் பாதை. சர்க்கரை கட்டில் இல்லாதவருக்கு ஈறு நோய் முற்றுகிறது. ஈறு நோய் முற்றியவருக்குச் சர்க்கரை கட்டுக்கு வர மறுக்கிறது. ஈறைச் சுத்தம் செய்து சிகிச்சை கொடுத்தால் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு 0.4 புள்ளி அளவுக்குக் குறைவதாக, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு 2022-ல் சொல்லியது. கேட்க அற்பமாகத் தெரியலாம். கூடுதலாக ஒரு மாத்திரை சேர்த்து மருத்துவர்கள் எதிர்பார்க்கும் இறக்கத்தில் இது நல்லதொரு பங்கு. நாட்டின் சர்க்கரை நோயாளிகள் கூட்டத்தில் தமிழ்நாடு முன்வரிசையில் நிற்கிறது. இந்த மாநிலத்தில் சர்க்கரை கிளினிக்கில் கால் பாதத்தைப் பார்க்கிறார்கள், கண்ணைப் பார்க்கச் சொல்கிறார்கள். வாயைத் திறக்கச் சொல்வது அபூர்வம்.

நுரையீரலுக்கும் வாய்க்கும் உள்ள தொடர்பு இன்னும் கடுமையானது. படுத்த படுக்கையான பெரியவரின் எச்சில் உறக்கத்தில் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். அந்த எச்சிலில் அழுகிய வாயின் கிருமிகள் இருந்தால் நிமோனியா வருகிறது. ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு வருடம் பார்த்த ஆய்வு 1999-ல் லான்செட் இதழில் வந்தது. சாப்பாட்டுக்குப் பின் பல்லும் வாயும் துலக்கிவிடப்பட்டவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கும், வழக்கம்போல் விடப்பட்டவர்களில் 19 பேருக்கும் நிமோனியா வந்தது. மருந்து எதுவும் புதிதாகக் கொடுக்கவில்லை. ஒரு பிரஷ், ஐந்து நிமிடம், ஓர் ஆள். நம் வீடுகளில் படுக்கையில் கிடப்பவரைக் குளிப்பாட்டுகிறோம், துணி மாற்றுகிறோம், புண் வராமல் புரட்டிப் படுக்கவைக்கிறோம். அத்தனை அன்பாகப் பார்த்துக்கொள்ளும் வீட்டிலும் வாயைத் துடைத்துவிட யாருக்கும் தோன்றுவதில்லை. அவர் நிமோனியாவில் போனால் "வயசாயிருச்சு" என்றே எழுதி முடிக்கிறோம்.

"இனிமே எத்தனை நாளைக்கு, எதுக்குச் செலவு" என்பதுதான் இந்த எண்ணங்களில் மிகக் கொடியது. இதைப் பிள்ளைகளைவிடப் பெரியவர்களே சொல்வது மனத்தைப் பிசைகிறது, முக்கியமாகப் பெண்கள். கணவனுக்குப் பல் பார்த்தாயிற்று, பேரனுக்குக் கம்பி போட்டாயிற்று, தனக்கு மட்டும் வேண்டாம் என்று கிராம்பைக் கடித்துக்கொண்டு படுத்துவிடுவார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்தியாவில் அறுபதை எட்டிய ஒருவர் சராசரியாக இன்னும் 18 வருடம் வாழ்கிறார். நாளைக்கு மூன்று வேளை என்றால் ஏறக்குறைய இருபதாயிரம் வேளைச் சாப்பாடு. இருபதாயிரம் வேளையை மெல்லாமல் விழுங்கச் சொல்லிவிட்டு, இனி எத்தனை நாளைக்கு என்று கேட்க நமக்கு என்ன உரிமை? 2021-ல் தமிழ்நாட்டு மக்களில் நூற்றுக்கு 13.6 பேர் அறுபதைக் கடந்தவர்கள். 2031-ல் இது 18.2 ஆகும் என்பது மத்திய அரசின் கணிப்பு. இந்த முதுமை நாம் எல்லாரும் போய்ச் சேரப்போகிற ஊர்.

மொத்தமாகப் பிடுங்கிவிட்டுச் செட்டுக் கட்டிக்கொள்ளலாமே என்பவர்கள் பல்செட்டைத் தாங்கள் மாட்டிப் பார்க்காதவர்கள். பல்லே இல்லாதவருக்குச் செட்டு பெரிய உதவி. அதை நான் குறைத்துப் பேசவில்லை. பொக்கை வாய்ச் சிரிப்பைக் காந்தி படத்தில் பார்த்து நாம் மகிழ்ந்தாலும், சாப்பாட்டு நேரத்தில் காந்தியும் செட்டை எடுத்து மாட்டிக்கொண்டவர்தான். ஆனால் முழுச் செட்டால் கடிக்கும் பலம் சொந்தப் பல்லில் நாலில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வரும். பல் போன தாடை எலும்பு வருடந்தோறும் கரைந்துகொண்டே இருப்பதால் இன்று பொருந்தியது சில வருடங்களில் ஆடும், கீழ்ச்செட்டு முதலில். ஆகவே இருக்கிற பல்லைக் காப்பாற்றுவதே முதல் வேலை. ஆடாத இரண்டு பல்லாவது மிச்சமிருந்தால் செட்டுக்கு அது பெரிய பிடிமானம். செட்டை இரவில் கழற்றித் தண்ணீரில் போட வேண்டும் என்பதையும் பலர் அறியவில்லை. ஜப்பானில் 85 வயதைக் கடந்த 524 பேரைப் பார்த்த ஆய்வில், செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது.

மறுபக்கம், தொலைக்காட்சியிலும் ரோட்டோரப் பலகைகளிலும் லட்சக்கணக்கில் செலவாகும் இம்ப்ளான்ட்டைப் பார்த்துப் பார்த்து, பல் வைத்தியம் பணக்காரர் சமாச்சாரம் என்று ஏழை முடிவு கட்டிவிடுகிறார். பெரும்பாலான முதியவர்களுக்குத் தேவைப்படுவது அது இல்லை. ஃபுளூரைடு உள்ள பற்பசை, மென்மையான பிரஷ், ராத்திரி படுக்கும்முன் ஒரு துலக்கல், வருடத்துக்கு ஒருமுறை காரை எடுப்பது, சொத்தையைச் சின்னதாக இருக்கும்போதே அடைப்பது. கொதிப்புக்கும் மனச்சோர்வுக்கும் சாப்பிடும் பல மாத்திரைகள் எச்சிலை வற்றவைக்கும். வாய் வறண்டால் ஈறு இறங்கிய பல்லின் வேரில் சொத்தை வேகமாக விழும். அவர்கள் அடிக்கடி தண்ணீர் குடிக்க வேண்டும், மிட்டாயை வாயில் அடக்கக் கூடாது. இவ்வளவுதான் பெரும்பகுதி.

புகையிலையைச் சொல்லாமல் விட முடியாது. கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையிலும் சுற்றுப்புற மில்களிலும் இரவு ஷிப்ட் பார்த்த தலைமுறையில் பலர் தூக்கத்தை விரட்ட வாயில் புகையிலையை அடக்கிப் பழகியவர்கள். பெண்களில் பல்வலிக்கென்று மூக்குப்பொடியை ஈறில் தேய்க்கத் தொடங்கி விட முடியாமல் போனவர்கள் உண்டு. புகையிலை இல்லாத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே முடிவு செய்துவிட்டது. திடீரென்று ஒரே ஒரு பல் ஆடுவதும், செட்டு உரசிய புண் என்று நினைத்தது ஆறாமலிருப்பதும் சில சமயம் புற்றின் முதல் அடையாளம். அதையும் வயதின் கணக்கில் எழுதினால் கண்டுபிடிக்கும்போது கடைசிக் கட்டம்.

குடும்பத்தை மட்டும் குறை சொல்லி நிறுத்தினால் அது அநியாயம். அரசும் இதே நம்பிக்கையைத்தான் சட்டதிட்டமாக எழுதி வைத்திருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையிலும், 70 வயதைக் கடந்த எல்லாருக்கும் என்று 2024 அக்டோபரில் மத்திய அரசு கொடுக்கத் தொடங்கிய அட்டையிலும் வருடத்துக்கு ஐந்து லட்சம் வரை இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் வழி இருக்கிறது. சொத்தை அடைக்கவும் பல்செட்டுக் கட்டவும் வழியில்லை. முதியோர் ஓய்வூதியம் மாதம் 1,200 ரூபாய். தனியாரிடம் முழுச் செட்டுக் கட்டினால் பல மாத ஓய்வூதியம் அதற்கே போய்விடும். மாநில அரசின் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கியது. பெண் ஊழியர்கள் வீட்டு வாசலுக்கே வந்து கொதிப்பும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். நல்ல திட்டம், மனதாரப் பாராட்டுகிறேன். அந்தப் பெண் ஊழியர் கையில் ஒரு டார்ச்சும் கூடவே பல் பார்க்கும் பயிற்சியும் கொடுத்தால் என்ன செலவாகிவிடும்?

மத்திய அரசு 2017 ஏப்ரலில் தொடங்கிய ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்தில், ஏழை முதியவர்களுக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டிய பொருள்களின் பட்டியலில் ஊன்றுகோல், சக்கர நாற்காலி, காது கேட்கும் கருவி, கண்ணாடி ஆகியவற்றோடு செயற்கைப் பற்களும் இருக்கின்றன. ஊன்றுகோலை ஒரே நாள் முகாமில் கொடுத்துவிடலாம். பல்செட்டுக்கு அச்செடுக்க ஒரு நாள், கடி அளவு பார்க்க ஒரு நாள், மெழுகில் வைத்துப் பார்க்க ஒரு நாள், மாட்ட ஒரு நாள், உரசும் இடத்தை ராவிவிட இன்னும் இரண்டு நாள் வேண்டும். மேடை போட்டு விழா நடத்திக் கொடுக்கக்கூடிய பொருள் இல்லை அது. நிரந்தரமாக ஓர் இடமும் ஒரு மருத்துவரும் வேண்டும். கேரளம் "மந்தஹாசம்" என்ற பெயரில் ஏழை முதியவர்களுக்குப் பல்செட்டுக்குப் பணம் கொடுக்கிறது. கர்நாடகம் "தந்த பாக்கிய" என்று தனித் திட்டமே போட்டுக் கல்லூரிகள் வழியாகச் செட்டுக் கட்டியது. இலவசத் திட்டங்களுக்குப் பெயர்போன தமிழ்நாட்டில் பல்செட்டு ஏழையின் வாசலுக்கு வர வேண்டியது எப்போது? 1951-ல் பிரிட்டனில் பல்செட்டுக்கும் கண்ணாடிக்கும் கட்டணம் வாங்கப் போகிறார்கள் என்றதும், அந்த இலவச மருத்துவத் திட்டத்தைக் கட்டியெழுப்பிய அமைச்சர் அனூரின் பீவன் பதவியை உதறினார். பல்செட்டுக்காகவும் அமைச்சர் பதவியை விட்டார் ஒருவர். அந்த அளவு மதிப்பு இதற்கு உண்டு.

ஆள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. நாட்டில் 300-க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள். படித்துவிட்டு வேலை தேடும் இளம் பல் மருத்துவர்கள் ஊருக்கு ஊர். மதுரையிலேயே தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. தோப்பூரில் 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டிய எய்ம்ஸ் நம் கண்ணெதிரே எழுகிறது. அதன் முதியோர் சிகிச்சையில் வாயும் சேர வேண்டும் என்று இப்போதே கேட்க வேண்டும். கப்பலூர் சுங்கச்சாவடியை அகற்றச் சொல்லிக் கடையடைத்துப் போராடிய மக்கள் நாம். உரிமை கேட்கத் தெரியாதவர்கள் இல்லை. பல் விஷயத்தில் மட்டும் அதை உரிமை என்று நினைக்கவில்லை.

அதுவரை வீட்டில் செய்ய வேண்டியது இருக்கிறது. கப்பலூர் தொழிற்பேட்டையில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் போன வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், குறைந்தது ஐந்து வருடம் காப்பீட்டில் இருந்திருந்தால், வருடம் 120 ரூபாய் கட்டித் தாங்களும் துணையும் மருத்துவம் பெறலாம் என்ற விதி இருக்கிறது. பலர் ஓய்வு பெற்ற நாளோடு அட்டையைப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள். எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். அரசு மருத்துவமனைகளின் பல் பிரிவிலும் மதுரைப் பெரியாஸ்பத்திரியிலும் பல் பார்க்கக் காசு வாங்குவதில்லை. பல் மருத்துவக் கல்லூரிகளில் வெளியைவிடக் கட்டணம் குறைவு. காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுப் பெரியவரை வெளிச்சத்தில் உட்காரவைத்து, செட்டு இருந்தால் கழற்றச் சொல்லி, போன் வெளிச்சத்தில் வாய்க்குள் பாருங்கள். நாக்கைத் தூக்கச் சொல்லி அடியிலும், கன்னத்தை விலக்கி உள்ளேயும் பாருங்கள். இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, சீழ், ஆடும் பல், ரத்தம் கசியும் ஈறு, இவற்றில் எது இருந்தாலும் திங்கட்கிழமை காலையில் அழைத்துப் போங்கள். "எனக்கு எதுக்குப்பா, வயசாயிருச்சு" என்பார். அதைக் கேட்காதீர்கள், அழைத்துப் போங்கள்.